பாலாலயப் பலகையும் பூரியின் அணசரப் படமும்: கோயில் ஓவியம் வெறும் அலங்காரமா?

"தலம் தலமாகப் போகிறவர்கள் மூலவரைப் பார்க்கத்தான் போகிறார்கள். சுவரில் இருக்கிற படத்தைப் பார்க்க யாரும் பஸ் ஏறுவதில்லை. ஓவியம் வெறும் அலங்காரம். கும்பாபிஷேகத்தின்போது அதன்மேல் வெள்ளையடித்தால் சாமிக்கு ஒரு குறையும் வந்துவிடாது."
(வாசகர் ஒருவர் எழுதியது, ஜூன் 11)

ஜூன் 12, 2025, காலை

இதை எழுதியவர் நாள் பார்த்து எழுதினாரோ என்னவோ. நேற்று பௌர்ணமி. பூரியில் ஸ்நான யாத்திரை. ஜெகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவரையும் வெளியே மேடையில் எழுந்தருளச் செய்து 108 குடம் நீராட்டியிருப்பார்கள். அவ்வளவு தண்ணீரில் குளித்ததால் சாமிக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது என்பது அங்கே மரபு. இனித் தேரோட்டத்துக்கு முந்தைய நாள் வரைக்கும் மூலவர் தரிசனம் இல்லை. அந்த நாட்களை அணசரம் என்கிறார்கள்.

மூலவரைப் பார்க்க முடியாத நாட்களில் பூசை யாருக்கு நடக்கிறது? மூன்று ஓவியங்களுக்கு. துணியில் தீட்டி, மூங்கில் தட்டி மறைப்பில் மாட்டிய மூன்று படங்கள். கோயிலோடு பரம்பரைத் தொடர்பு உள்ள சித்திரகாரர் குடும்பத்தினர் விரதமிருந்து வரைந்து கொடுப்பவை. வெள்ளை நிறத்தில் அனந்த வாசுதேவர், மஞ்சளில் புவனேசுவரி, கருநிறத்தில் அனந்த நாராயணர். மரத்தாலான மூலவர்களுக்குக் கை விரலும் பாதமும் கிடையாது. உருண்டைக் கண்களும் முகமுமே பிரதானம். படத்தில் வருகிற பெருமாளுக்கோ நான்கு கையும் சங்கும் சக்கரமும் உண்டு. அமர்ந்த கோலம். சாமியை நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல இடமே இல்லை.

ராமேசுவரத்தோடு சேர்த்து எண்ணப்படும் நான்கு தாமங்களில், அதாவது நான்கு பெரிய புனிதத் தலங்களில், ஒன்று பூரி. அங்கே இன்று காலை நைவேத்தியம் ஓவியத்துக்கு.

ஜூன் 12, இரவு

"அது ஒடிசா வழக்கம், நம் ஆகமத்தில் இப்படிக் கிடையாது" என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

உண்டு. பாலாலயம் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! திருப்பணி தொடங்குமுன் மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, கும்பத்திலிருந்து அத்திப் பலகையில் வரைந்த உருவத்துக்கு மாற்றுகிறார்கள். திருப்பணி முடிந்து கும்பாபிஷேகம் ஆகும் வரை சாமி அந்தப் பலகையில்தான். ஆறு மாதமோ, சில ஊர்களில் பணம் சேராமல் ஆண்டுக்கணக்கிலோ, கற்பூரம் காட்டுவதும் அர்ச்சனைத் தட்டு நீட்டுவதும் ஒரு படத்துக்குத்தான்.

நான் கோபுரச் சுதைக்கு, அதாவது சுண்ணாம்புச் சாந்துச் சிற்பங்களுக்கு, வர்ணம் தீட்டுகிறவன். தென்காசிப் பக்கம். பலகையும் வரைந்திருக்கிறேன். அத்தி மரம் வர்ணத்தைக் குடித்துவிடும். முதல் பூச்சு காய்ந்ததும் பூசியதே தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும். முழ உயரப் பலகையில் அம்பாளுக்கு முகம் ஒரு எலுமிச்சை அளவுதான் வரும். அதற்குள் மூக்குத்தி, நெற்றிச் சுட்டி எல்லாம் அடங்க வேண்டும். கண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கொடுத்துவிடுவேன். அதை ஸ்தபதி திறப்பார். திண்ணையில் செய்தித்தாள் விரித்துக் காய வைத்த பலகை, யாகசாலைக்குள் போய் வந்த பிறகு நான் தொடக் கூடாத பொருள். முதல் தடவை அது எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு யோசித்தபோது அதுதான் சரி என்று பட்டது. வரைந்தவன் என்ற உரிமை அத்தோடு தீர்ந்தது.

இப்போது இந்த விவாத இழையின் தொடக்கத்தில் உள்ள வாசகரின் வரிகளை மறுபடி படியுங்கள். சாமி பலகை ஓவியத்தில் குடியிருக்கிற அதே மாதங்களில்தான், அதே கோயிலின் சுவர் ஓவியங்களைச் சுரண்டுகிறார்கள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

ஜூன் 14

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்துச் சாலையெல்லாம் வெளியூர் வண்டிகள். அருவியில் நின்றுவிட்டு, நேந்திரம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு, நேரம் இருந்தால் குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். சற்றுத் தள்ளி இருக்கிற சித்திர சபைக்குப் பத்தில் ஒருவர் வந்தாலே அதிகம்.

நடராசருக்கு ஐந்து சபைகள். தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். மற்ற நான்கிலும் ஆடுகிறவருக்கு உலோகத்திலும் கல்லிலும் மேனி உண்டு. குற்றாலத்தில் அவர் சுவரில் தீட்டிய வர்ணம். மார்கழித் திருவாதிரைக்குத் தாண்டவ தீபாராதனை அந்த ஓவியத்தின் முன்னால்தான் நடக்கிறது. கூத்தன் ஆடுகிறான், சிவகாமி பக்கத்தில் நிற்கிறாள், தீபம் சுற்றுகிறது, சனம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. "படம்தானே" என்று அங்கே நின்றுகொண்டு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சபையின் மற்றச் சுவர்களிலும் ஓவியங்கள்தான். திருவிளையாடல் காட்சிகள் உண்டு. சாயல் பாதி கேரளம். செங்கோட்டைக் கணவாய் பக்கத்தில்தானே! வெளியே குளம், உள்ளே மர வேலைப்பாடு. சிறுவனாக அப்பாவோடு போவேன். அவர் லாரிகளுக்கு எழுத்து எழுதுகிறவர். சாமி கும்பிட்டு முடித்ததும் ஓவியத்தின் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இந்த வளைவைக் கையை எடுக்காமல் இழுத்திருக்கிறான்" என்பார். தூக்கிய காலின் பின்புறம் முழங்காலிலிருந்து குதிகால் வரை வரும் கோடு அது. இப்போதும் அதைப் பார்க்காமல் நான் வெளியே வருவதில்லை.

அலங்காரம் என்று சொன்ன நண்பர் ஒரு திருவாதிரைக்கு வரட்டும். அழைத்துப் போகிறேன்.

ஜூன் 15

குருக்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். படத்துக்கு அபிஷேகம் எப்படிச் செய்வது? தண்ணீர் பட்டால் கரைந்துபோகுமே!

பூரியில் ஒவ்வொரு நாள் காலையிலும் இதற்கு விடை நடக்கிறது. பல் துலக்குவது, நீராட்டுவது எல்லாம் கண்ணாடியில் விழுகிற பிம்பத்துக்கு. மூலவர்மேல் சொட்டுத் தண்ணீர் படாது. நம் பக்கத்தில் சுதை மூலவருக்கும் இதே சிக்கல்தான். ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளுக்குத் தைலக்காப்பு, திருமஞ்சனமெல்லாம் உற்சவருக்கு. சிற்ப நூல்கள் முழு உருவம், புடைப்பு உருவம், தீட்டிய உருவம் மூன்றையும் ஒரே வரிசையில்தான் வைக்கின்றன. மூன்றாவதை வாசலுக்கு வெளியே நிறுத்தவில்லை.

ஜூன் 17

பூரியைப் பற்றி முதல் நாள் எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. காய்ச்சல் ஏன் வருகிறது என்பதை வர்ணக்காரனாகப் பார்த்தால் வேறொன்று தெரியும்.

மூலவர்கள் வேப்ப மரம். ஆனால் நாம் பார்ப்பது மரத்தை அல்ல. மரத்தின்மேல் நூல் சுற்றி, துணி சுற்றி, பிசின் பூச்சுக்கு மேல் பூச்சு வைத்து, அதற்கும் மேலே வர்ணம். அந்தக் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும், கண்ணைச் சுற்றிய அந்த வட்டமும் தீட்டியவை. ஆண்டுக்கு ஒரு முறை 108 குடம் தண்ணீரை நேரே ஊற்றினால் அது என்ன ஆகும்? வர்ணம் கரையும், பூச்சு ஊறும். அதைச் சரிசெய்து மறுபடி தீட்டிக் காய வைக்க நாள் வேண்டும். கதவைச் சாத்துகிறார்கள். காய்ச்சல் குணமாகி, கண் எழுதி, நேத்ரோத்சவம் என்ற கண் திறப்பு விழா முடிந்து கதவு திறக்கும்போது சாமிக்குப் புதிய இளமை வந்துவிட்டது என்று கூட்டம் கொண்டாடுகிறது. நவயௌவன தரிசனம்.

ஆக, திரைக்கு உள்ளே ஓவியம் புதுப்பிக்கப்படுகிறது; திரைக்கு வெளியே ஓவியம் பூசையை வாங்கிக்கொள்கிறது. ஸ்நான யாத்திரையிலிருந்து தேர் வரைக்கும் அந்தத் தலத்தின் வழிபாட்டையே வர்ணம் தாங்குகிறது. மரத்தையே மாற்றுகிற நவகளேபரம் என்றைக்கோ ஒரு நாள்தான் வரும். போன முறை 2015, அதற்கு முன் 1996. வர்ணம் வருடா வருடம்.

நான் பூரிக்குப் போனது ஒரு அணசரக் காலத்தில், அதுவும் தெரியாமல் டிக்கெட் எடுத்துப் போனது. மூலவர் இல்லை என்றதும் கூட வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே உள்ள பிரம்மகிரிக்கு, அலர்நாத் பெருமாளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். அணசரத்தில் எல்லோரும் செய்வது அதுதான். அங்கே பாயசப் பிரசாதம் பேர்போனது. நான் எதிர்ப்பக்கம், பார்கவி ஆற்றங்கரையில் இருக்கும் ரகுராஜ்பூருக்குப் போனேன். பட்டசித்திரம் வரைகிற ஊர். வீட்டுச் சுவரெல்லாம் படம், திண்ணையெல்லாம் படம்.

அங்கே ஒரு வீட்டில் துணி தயாராவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு துணிகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுகிறார்கள். காய்ந்ததும் சுண்ணக்கட்டிப் பொடியைப் பசையில் குழைத்து இருபுறமும் பூசுகிறார்கள். பிறகு ஒரு பெண்மணி தரையில் உட்கார்ந்து அதைக் கல்லால் தேய்த்தார். முதலில் சொரசொரப்பான கல், அப்புறம் வழுவழுப்பான கல். பேசிக்கொண்டே தேய்க்கிறார், நிறுத்தவே இல்லை. கடைசியில் துணி தோல் மாதிரி ஆகி வெளிச்சத்தில் மினுங்கியது. நகத்தால் தட்டிப் பார்க்கச் சொன்னார். டக்கென்று சத்தம் வந்தது. வெள்ளை சங்கை அரைத்து எடுப்பது, சிவப்பு இங்குலிகக் கல், மஞ்சள் அரிதாரக் கல், கறுப்பு விளக்குப் புகை. எல்லாவற்றுக்கும் பிடிப்பு விளாம்பிசின். கண் கடைசியில்தான். அதைக் கேட்டதும் எங்கள் தொழில்காரர்தான் என்று மனசுக்குள் உறவு வந்துவிட்டது.

ஜூன் 17, சற்று நேரம் கழித்து

யாத்திரிகர்களுக்கு விற்கிற படங்களைப் பற்றி எழுத மறந்தேன். பூரிக்கு வருகிறவர்கள் வாங்கிப்போவதற்கென்றே வரையும் வகை தனி. யாத்திரிப் பட்டி என்பார்கள். சின்னது, வட்டம், சதுரம். கோயில் முழுவதையும் சங்கு வடிவத்துக்குள் அடக்கி, நடுவில் மூவரும் இருக்க வரைகிற வகையும் உண்டு. மேலே அரக்குப் பூசிச் சூடு காட்டுவார்கள். நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் திரும்பிய காலத்தில் வழியில் ஈரம் பட்டாலும் தாங்க வேண்டும் அல்லவா!

ஜூன் 18

அந்தப் படங்கள் வெறும் கடைச்சரக்கு, வழிபாட்டோடு சேர்க்காதீர்கள் என்கிறார் ஒருவர். ஒப்புக்கொள்ள மாட்டேன். வாங்கியவர் வீட்டுக்குப் போய் அதைப் பரணிலா போட்டார்? பூசை மாடத்தில் வைத்தார். வர முடியாத பாட்டிக்கு அதுதான் பூரி.

கொல்கத்தா காளிகாட்டில் ஒரு முழுப் பாணியே இப்படிப் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோயிலுக்கு வந்தவர்களுக்காக ஆலைக் காகிதத்தில் விறுவிறுவென்று தீட்டி விற்றார்கள். மலிவான அச்சுப் படங்கள் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது.

நம் பக்கத்தில் அச்சுப் படத்தையே ஒருவர் கையில் எடுத்துக்கொண்டார். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர், சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தவர், நாடகங்களுக்குத் திரை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகித் தென்னாட்டு வீட்டுச் சுவர்களில் ஏறினார்கள். தேதி கிழிந்து வருடம் முடிந்தாலும் யாரும் அந்தப் படத்தைக் குப்பையில் போடுவதில்லை. வெட்டிக் கண்ணாடி போட்டுக் கொள்கிறார்கள். எங்கள் வீட்டு மீனாட்சி கல்யாணம் அப்படி வந்ததுதான். பொட்டு வைத்து வைத்துக் கண்ணாடியில் குங்குமம் கறை கட்டியிருக்கிறது.

ஜூன் 20

திருவாரூரைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டவருக்கு.

தியாகராசர் கோயில் தேவாசிரிய மண்டபம். சுந்தரர் அடியார்களைக் கண்டு திருத்தொண்டத்தொகை பாடினார் என்று சொல்லப்படும் இடம். அதன் விதானம் முழுவதும் முசுகுந்தன் கதை. காலம் 17ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 18இன் தொடக்கம், தஞ்சை மராத்தியர் ஆட்சி. தீட்டியவர் சிங்காதனம் என்று அங்கேயே பெயர் இருக்கிறது. நம் நாட்டில் சுவரோவியம் எழுதியவனின் பெயர் கிடைப்பதே அபூர்வம். அதனால் அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

கதை தெரிந்ததுதான். வில்வ மரத்தில் இருந்த குரங்கு இலையைப் பறித்துக் கீழே போட, அது சிவன்மேல் விழுந்து அர்ச்சனையானது. மறுபிறவியில் அது குரங்கு முகத்தோடே அரசனாகப் பிறந்தது. இந்திரனுக்குப் போரில் துணை நின்றான் முசுகுந்தன்; கூலியாக, இந்திரன் பூசித்த தியாகராசரைக் கேட்டான். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதே போல ஆறு மூர்த்திகளைச் செய்து கலந்து வைத்தான். முசுகுந்தன் மூலத்தை அடையாளம் கண்டான். ஏழும் பூமிக்கு வந்தன. திருவாரூர், திருநள்ளாறு, நாகை, திருக்காரவாசல், திருக்குவளை, திருவாய்மூர், திருமறைக்காடு. ஏழு விடங்கத் தலங்கள்.

இதில் ஓவியம் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். சந்நிதியில் தியாகராசரின் முகம் மட்டுமே தெரியும். பாத தரிசனம் ஆண்டில் இரண்டு நாள்தான். மறைக்கப்பட்ட சாமி அவர். எங்கிருந்து வந்தார், எப்படி இந்த ஊருக்கு வந்தார் என்பதையெல்லாம் மண்டபத்தின் விதானம் விரித்துச் சொல்கிறது. காட்சிக்குக் கீழே தமிழில் விளக்க வரி, எழுதியவர் பேசியபடியே எழுதிய தமிழ். கதையின் பிற்பகுதியில் திருவிழாவே வந்துவிடுகிறது. வாத்தியக்காரர்கள், ஆடும் பெண்கள், வாணவேடிக்கை, ஊர்வலம். விழாவுக்கு வந்தவன் அண்ணாந்தால் தான் வந்த விழாவையே பார்ப்பான். அங்கே நின்றால் கழுத்து நோகும். தூணில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்தபோது வேதாரண்யத்திலிருந்து வந்த ஒரு அம்மா பேத்தியிடம், "நம்ம ஊருக்கு வந்தவர் இதில் ஒருத்தர்" என்று மேலே காட்டினார். வேதாரண்யம்தான் திருமறைக்காடு. தலபுராணப் புத்தகம் படிக்காத அம்மா. ஓவியம் படித்துச் சொல்லிவிட்டது.

இந்த ஓவியங்களும் பல காலம் மழை ஒழுகி, வெளவால் எச்சம் படிந்து கிடந்தவைதான். பிரக்ருதி அறக்கட்டளையும், மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து முயன்று பாதுகாத்தார்கள். முயன்றால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஜூன் 21

இந்த இழையிலேயே கனமான மறுப்பு நேற்று வந்தது. முழுவதும் எடுத்து வைக்கிறேன்: "தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியத்தின்மேல் நாயக்கர் காலத்தில் புது ஓவியம் தீட்டினார்கள். பூரியில் வருடா வருடம் மாற்றித் தீட்டுகிறார்கள். பழையதின்மேல் புதியது வருவதுதான் மரபு. அப்படியிருக்க நாங்கள் எங்கள் காசில் எனாமல் அடித்தால் மட்டும் ஏன் குதிக்கிறீர்கள்?"

நேற்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாதி சரி. ஓவியம் தொடக் கூடாத பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் என் பிழைப்பே பொய். புதுப்பிப்பதும் பூசைதான்.

ஆனால் தஞ்சையில் நடந்தது என்ன? கருவறையைச் சுற்றிய உள்பிராகாரத்தில் நாயக்கர் காலப் பூச்சின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். சுந்தரரின் கல்யாணத்தைத் தடுக்க ஓலையோடு வந்து நிற்கும் கிழவர், வெள்ளை யானையில் கயிலைக்குப் போகும் சுந்தரர், திரிபுரம் எரித்தவர், எல்லாம் வெளியே வந்தன. அடியில் உள்ளது ஈரச் சுண்ணாம்பில் தீட்டியது என்று சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆய்ந்து சொன்னார். ஈரச் சுண்ணாம்பு காயும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது; வர்ணம் அந்தக் கல்லுக்குள் சிக்கிக்கொள்கிறது. அதனால்தான் ஆயிரம் வருடம். நாயக்கர் காலத்தார் அதன்மேல் வைத்ததும் சுண்ணாம்புப் பூச்சுதான். சுவர் மூச்சு விட்டது. கீழே இருந்தது பிழைத்தது. பின்னால் தொல்லியல் துறை மேல் அடுக்கையும் அழிக்காமல் தனியே பெயர்த்தெடுத்து வேறு பலகையில் ஏற்றியது. இரண்டு காலமும் இன்று கையில் இருக்கின்றன.

எனாமல் அப்படி அல்ல. நான் அதைத் தினமும் கையாள்கிறவன், சொல்கிறேன். எனாமலும் பிளாஸ்டிக் எமல்ஷனும் சுவரின் வாயை அடைத்துவிடும். கருங்கல்லிலும் செங்கல்லிலும் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்பாகப் பூத்து, புது வர்ணத்தைப் பழைய காரையோடு சேர்த்துத் தள்ளிவிடும். உரியும்போது இரண்டும் சேர்ந்தே உரியும். மூன்று மழைக்காலம் போதும்.

பூரியின் மாற்றத்துக்கு முறை இருக்கிறது. யார் தீட்டுவது, எந்த நாளில், எந்தப் பொருளால், எந்த உருவம் என்பதெல்லாம் வகுத்தவை. வாளியும் ரோலரும் கொண்டு ஒரே பிற்பகலில் முடிக்கிற வெள்ளையடிப்பை அதோடு நிறுத்தி ஒப்பிடுவது நியாயமில்லை.

ஜூன் 21, இரவு

தஞ்சை ஓவியம் இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. அந்த உள்பிராகாரத்துக்குள் இன்று யாத்திரிகர் போக முடியாது. இருட்டு வேறு. அன்றைக்கும் எத்தனை பேர் போயிருப்பார்கள்?

எங்கள் பக்கம் திருப்புடைமருதூர். தாமிரபரணிக் கரை, நாறும்பூநாதர் கோயில். ஐந்து நிலைக் கோபுரம். உள்ளே ஏறினால் நிலைக்கு நிலை சுவரெல்லாம் ஓவியம். போர், குதிரை ஏற்றி வரும் கப்பல், திருவிளையாடல், அடியார் கதை. மரத் தூண்களிலும் உத்தரங்களிலும் சிற்பம். கீழே வாசலில் நுழைகிறவனுக்குத் தலைக்கு மேலே இத்தனை இருப்பதே தெரியாது. அனுமதி வாங்கி, குறுகலான படியில் குனிந்து ஏற வேண்டும்.

யாத்திரிகனுக்குக் கதை சொல்வதுதான் ஓவியத்தின் வேலை என்று நேற்று எழுதிய ஆளுக்கு இது இடிக்கிறது. யாருக்கும் தெரியாத இடத்தில் ஏன் இத்தனை பாடு? எனக்குத் தோன்றுவது இது. கோபுரக் கலசத்துக்கு அடியில் வரகு வைக்கிறோம்; யாரும் பார்ப்பதில்லை. விக்கிரகத்துக்கு அடியில் யந்திரம் வைக்கிறோம்; யாரும் பார்ப்பதில்லை. கோபுரம் நிறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக வைப்பவை அவை. உள் ஓவியமும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். சொல்லித் தருவது விதான ஓவியத்தின் வேலை, ஏற்றுக்கொள்வது பலகை ஓவியத்தின் வேலை, நிறைப்பது கோபுர ஓவியத்தின் வேலை. சாமிக்கு ஒரு குறையும் வராது என்று சொன்னவருக்கு இதைவிடப் பொருத்தமான விடை எனக்குத் தெரியவில்லை: குறை வரக் கூடாது என்றுதானே எழுதி வைத்தார்கள்!

ஜூன் 23

மதுரையைக் கேட்டவருக்குச் சுருக்கமாக: பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிய மண்டபத்தில் திருவிளையாடல் ஓவியங்கள் இருந்தன. பெரும்பாலும் போய்விட்டன. இன்று அங்கே குறள் பொறித்த பளிங்குப் பலகைகளைப் பார்க்கலாம். குறள் எங்கே இருந்தாலும் சிறப்புத்தான். ஆனால் திருவிளையாடல் நடந்த குளக்கரையில் திருவிளையாடலைச் சுவரில் பார்த்து நடக்கும் வாய்ப்பு வேறு எந்த ஊரிலும் கிடைக்காது.

இன்னொன்று. சில வருடம் முன்பு ஒரு கோயிலில் மண்டபச் சுவருக்கு வர்ணம் அடிக்க என்னை அழைத்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். பழைய வெள்ளையைச் சுரண்டியபோது கத்திக்கடியில் ஒரு மாட்டின் கண் தெரிந்தது. காவிக் கோடு, உள்ளே கறுப்பு. ரிஷப வாகனக் காட்சியாக இருக்க வேண்டும். வேலையை நிறுத்திவிட்டுத் திருப்பணிக் குழுவிடம் சொன்னேன். கும்பாபிஷேக நாள் குறித்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது என்றார்கள். நான் கூலியை விட்டுவிட்டு வந்தேன். வேறு ஆள் வைத்து முடித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தக் குழுவில் ஒருவர் தம் நிலத்தை விற்றுக் கோயிலுக்குக் கொடுத்தவர். சுவர் சுத்தமாக இருந்தால் சாமிக்கு மரியாதை என்று மனதார நம்பினார்கள். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஜூன் 26

பூரியில் கதவு திறக்கிற நாள். நாளை தேர். போன வருடம் நவயௌவன தரிசனம், நேத்ரோத்சவம், தேர் மூன்றும் ஒரே நாளில் வந்தன. இந்த வருடம் ஒழுங்காகத் தனித்தனி. வேறு செய்தி இல்லை.

ஜூன் 28

ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். தை மாதம் அவர்கள் ஊர்ச் சிவன் கோயிலில் பாலாலயமாம். அம்மன் சந்நிதி முன்மண்டபத்தில் பழைய ஓவியம் அரைகுறையாகத் தெரிகிறதாம். என்ன செய்யலாம் என்று கேட்கிறார். எல்லோருக்கும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

குழு கூடி டெண்டர் பேசுமுன் பேசுங்கள். நாள் குறித்த பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். சுவர் முழுவதையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், பக்கவாட்டிலிருந்தும் எடுங்கள். காரை உப்பியிருப்பது அப்போதுதான் தெரியும். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். எழுத்து இருந்தால் எழுத்துக்கு மட்டும் தனிப் படம். அந்தப் படங்களோடு அறநிலையத் துறைக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மணல் வீச்சு இயந்திரத்தை வாசலிலேயே நிறுத்துங்கள். கோயில்களில் அதற்குத் தடை இருக்கிறது.

ஈரத் துணியால் துடைக்காதீர்கள். எண்ணெய் தடவினால் வர்ணம் எடுத்துக் காட்டும் என்று யாராவது சொல்வார்கள். காட்டும், ஒரு வாரம். அப்புறம் தூசியெல்லாம் அதில் ஒட்டிக் கறுத்துப்போகும். டியூப்லைட்டுக்கு ஆணி அடிக்கிறவரிடம் எந்தச் சுவர் என்று முன்பே காட்டுங்கள். கற்பூரத் தட்டை அந்த மூலையில் வைக்க வேண்டாம் என்று குருக்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், சொன்னால் கேட்பார்கள்.

ஓவியத்தைச் சரிசெய்வது பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநர் வேலை. என் போன்ற வர்ணக்காரன் வேலையும் அல்ல. உங்கள் கையில் இருப்பது மேல்தளம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஏறிப் பாருங்கள். தளத்தில் பதித்த தட்டு ஓடு பெயர்ந்திருக்கும், மழைநீர்த் தூம்பில் அரசங்கன்று முளைத்திருக்கும். கன்றை வேரோடு எடுத்து, சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அரைத்த காரையால் அடையுங்கள், சிமென்ட் வேண்டாம். கொத்தனார் கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள். அம்பாசமுத்திரம் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.